பேக்டு ஓட்மீல்: பழமும் பட்டையும் போட்டு ஓவனில் வைக்கும் ஓட்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குக் குடிவந்த முதல் ஜனவரியில், முழங்கால் உயரப் பனியை மிதித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கண்ணாடித் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்ததும் பட்டை வாசனை. மேலே பழுப்பு, ஓரமெல்லாம் மொறுமொறுப்பு, உள்ளே ஆப்பிளும் ஓட்ஸும். கேக் என்று நினைத்து வெட்டித் தின்றோம். மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் அது காலைச் சாப்பாடு என்று தெரிந்தது. கிண்ணத்தில் ஒரு துண்டு வைத்து, மேலே சூடான பாலை ஊற்றிச் சாப்பிட வேண்டுமாம். அதிலிருந்து குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் வாரம் ஒரு தட்டு. ஊரில் இருப்பவர்களும் இங்கே இருப்பவர்களும் கேட்கக் கேட்கப் போனில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

இது கஞ்சியா, கேக்கா?

இரண்டும் இல்லை. கஞ்சியில் ஓட்ஸைக் கிண்டிக்கொண்டே இருப்போம். கிண்டக் கிண்ட அதிலுள்ள மாவும் பசையும் பாலில் கரைந்து குழகுழப்பாகிவிடும். ஓட்ஸ் பிடிக்காது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காதது அந்தக் குழகுழப்புதான். இதில் கரண்டியே போடுவதில்லை. கலந்து தட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினால் ஓட்ஸ் தன் இடத்தில் இருந்தபடியே பாலைக் குடித்து வேகும், முட்டை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும். மைதா கிடையாது என்பதால் கேக் மாதிரி உப்பாது. பொங்கலை ஆறவிட்டுத் துண்டு போட்டால் எப்படி நிற்குமோ அப்படி நிற்கும், அவ்வளவுதான். கேக்கை எதிர்பார்த்துச் செய்தவர்கள் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள்.

எந்த ஊர்ப் பண்டம்?

அமெரிக்காவில் இதை ஆமிஷ் பேக்டு ஓட்மீல் என்றும் சொல்வார்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியை, அதாவது மாவட்டத்தைச் சுற்றியுள்ள ஆமிஷ், மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களோடு சேர்த்துப் பேசப்படும் சாப்பாடு. இவர்களைப் பென்சில்வேனியா டச்சு என்பார்கள். பெயரைக் கேட்டு ஹாலந்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரைன் நதிப் பக்கத்து ஜெர்மன் பகுதிகளிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தவர்கள். தங்கள் பேச்சை அவர்கள் டைட்ஷ் என்பார்கள். ஜெர்மன்காரர்களையும் டச்சு என்று சொல்லும் பழைய ஆங்கில வழக்கு அப்படியே நிலைத்துவிட்டது. பழைய முறைப்படி வாழும் ஆமிஷ் வீடுகளுக்கு மின்கம்பி இணைப்பு கிடையாது. பல வீடுகளில் புரோபேன் கேஸ் அடுப்புதான். பிள்ளைகள் ஏழு எட்டு என்று இருக்கும் வீட்டில், பெரிய தட்டு ஒன்றை அடுப்பில் தள்ளிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம் என்றால் அது எவ்வளவு பெரிய உதவி! லங்காஸ்டர் பக்கம் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகளிலும் காலையில் இதை வைப்பார்கள்.

அளவைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

8 அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு, 6 துண்டு வரும்படி சொல்கிறேன். ரோல்டு ஓட்ஸ் 200 கிராம். 240 மில்லி கப்பில் அழுத்தாமல் அளந்தால் இரண்டு கப்பும் கொஞ்சம் மேலும் வரும். அதில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒன்றரை டீஸ்பூன் பட்டைத் தூள், கால் டீஸ்பூன் துருவிய ஜாதிக்காய், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு கைப்பிடி உடைத்த வால்நட். இன்னொரு பாத்திரத்தில் பால் 450 மில்லி, முட்டை ஒன்று, நாட்டுச் சர்க்கரை 60 கிராம், உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 40 கிராம், எல்லாவற்றையும் அடித்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவில் இரண்டு ஆப்பிளைத் தோலோடு அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள்.

தட்டில் வெண்ணெய் தடவி, பாதி ஆப்பிளை அடியில் பரப்பி, ஓட்ஸைக் கொட்டி, பால் கலவையை எல்லா இடத்திலும் விழும்படி ஊற்றி, மீதி ஆப்பிளை மேலே தூவுங்கள். தட்டைப் பிடித்து மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால் பால் அடிவரை இறங்கும். ஏற்கெனவே சூடேறிய ஓவனில், 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். வெளியே எடுத்து 10 நிமிடம் தொடாதீர்கள்.

உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். இனிப்புப் பண்டத்துக்கு எதற்கு உப்பு என்று கேட்டு விட்டவர்கள்தான் பிறகு சப்பென்று இருக்கிறது என்று போன் செய்தார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கே ஒரு சிட்டிகை போடுகிறோமே.

எந்த ஓட்ஸ் வாங்குவது? கடையில் ஐந்தாறு வகை இருக்கிறது.

எனக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது. அவலை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டி அவல் மாதிரி தடிமனாக, முழுத் தட்டையாக இருப்பது ரோல்டு ஓட்ஸ். பேப்பர் அவல் மாதிரி மெலிந்து உடைந்து கிடப்பது குயிக் அல்லது இன்ஸ்டன்ட். கெட்டி அவலில் செய்வதைப் பேப்பர் அவலில் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? ஓவனில் வைத்தாலும் கூழாகத்தான் வரும். பாக்கெட்டில் வெறுமனே ஓட்ஸ் என்று போட்டு மூன்று நிமிடத்தில் தயார் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மெல்லிய வகை. அதுதான் கையில் இருக்கிறது என்றால் பாலை 375 மில்லியாகக் குறைத்து, 30 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சாப்பிடலாம், ஆனால் மெல்லுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஸ்டீல் கட் என்பது முழு ஓட்ஸை இரண்டு மூன்றாக உடைத்தது, கோதுமை ரவை போல இருக்கும். இதே அளவுக்கு அதைப் போட்டால் பல்லில் கடிபடும். இரவே பாலில் ஊறவைத்து, பாலை ஒன்றரை மடங்காக்கி, ஒரு மணி நேரம் வைத்தால் அருமையாக வரும். ஆனால் அது வேறு பண்டம். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டைப் பற்றியும் ஒருவர் கேட்டார். வேண்டாம்.

பாக்கெட்டைப் பிரித்ததும் ஓட்ஸ் கசக்கிறதே?

பழசாகிவிட்டது. மற்ற தானியங்களைவிட ஓட்ஸில் எண்ணெய்ச் சத்து அதிகம். அந்த எண்ணெயைச் சிதைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் அதிலேயே இருக்கிறது. உமி நீக்கிய ஓட்ஸை அப்படியே விட்டால் சில நாளில் கசந்துவிடும் என்பதால் ஆலையிலேயே ஆவி காட்டிச் சூடேற்றி அந்த நொதியை அடக்கிவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் வாங்கும் ஓட்ஸ் பச்சைத் தானியம் இல்லை, ஓரளவு வெந்தது. ஆனால் எண்ணெய் எண்ணெய்தான். நம்மூர் வெயிலில் திறந்த பாக்கெட் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கடிக்க ஆரம்பிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாங்கும்போதே ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். நல்ல ஓட்ஸ் லேசாகத் தித்திக்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைத் தூளை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து 10 நிமிடம் விட்டால் வெண்டைக்காய்ப் பசைபோல் வரும். ஒரு முட்டைக்கு அது சரி. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பாதியை மசித்தும் சேர்க்கலாம், ஆனால் தட்டு முழுக்க வாழைப்பழ வாசனைதான் இருக்கும். எதுவும் சேர்க்காமலும் செய்யலாம். துண்டாக நிற்காது, கரண்டியால் அள்ளிக்கொள்ள வேண்டும். ருசியில் குறை ஒன்றும் இல்லை.

பசும்பாலுக்குப் பதில் வேறு பால்?

பாதாம் பால், சோயா பால், ஓட்ஸ் பால் எதுவும் ஆகும். இனிப்புச் சேர்த்த பாலாக இருந்தால் சர்க்கரையைக் குறையுங்கள். எனக்குப் பிடித்தது தேங்காய்ப்பால். இரண்டாம் பால் எடுத்தால் அளவு அப்படியே. முதல் பால் என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, வெண்ணெயை நிறுத்திவிடலாம். கூடவே பட்டைக்குப் பதில் ஏலக்காய், ஆப்பிளுக்குப் பதில் நேந்திரம்பழம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அப்படி ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். இது நன்றாக இருக்கிறது, ஆனால் இது பேக்டு ஓட்மீல் இல்லை என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடாதா?

திரியலாம். பாயசத்துக்கு வெல்லம் சேர்க்கும்போது அடுப்பிலிருந்து இறக்கி, ஆறவிட்டுப் பிறகுதான் பாலை விடுவார்கள் இல்லையா, அதே பயம்தான் இங்கேயும். வெல்லத்தில் லேசான புளிப்புத்தன்மை உண்டு. கொதிக்கும் பாலில் அது விழுந்தால் பாலின் புரதம் திரளும். குளிர்ந்த பாலில் கலக்கும்போது ஒன்றும் ஆகாது. பிறகு ஓவனில் சூடேறும்போது ஓட்ஸின் மாவும் முட்டையும் சேர்ந்து எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொள்வதால், கொஞ்சம் திரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

நான் செய்வது இப்படி: 70 கிராம் வெல்லத்தை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரையவிட்டு, மண் போக வடிகட்டி, பாத்திரத்தின் அடியைத் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் ஊற்றுவேன். அந்தத் தண்ணீர் அளவைப் பாலில் குறைத்துக்கொள்ள வேண்டும். வடிகட்டாமல் விடாதீர்கள். இந்தப் பண்டத்தில் கல் கடிபட்டால் அது வால்நட் ஓடு என்று வால்நட்டைத் திட்டுவோம். கருப்பட்டி இன்னும் ருசி, நிறம் மட்டும் கறுத்துவிடும். இங்கே பாட்டி போடுவது பழுப்புச் சர்க்கரை, சில நாள் மேப்பிள் சிரப். தேன் என்றால் அடுப்பில் வைக்காமல், பரிமாறும்போது மேலே விடுவதுதான் எனக்குச் சரி.

எந்தப் பழம் நன்றாக இருக்கும்?

ஆப்பிள்தான் ராஜா. பென்சில்வேனியாவின் ஆடம்ஸ் கவுண்டி முழுக்க ஆப்பிள் தோட்டம், செப்டம்பர் அக்டோபரில் சாலையோரமே கூடை கூடையாக வைத்து விற்பார்கள். இங்கே சுடுவதற்கென்றே ஸ்டேமன், யார்க் போன்ற புளிப்பு கலந்த, கெட்டியான ஆப்பிளைத் தேடி வாங்குவார்கள். வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். பச்சை நிற கிரானி ஸ்மித் எங்கும் கிடைக்கும், அதுவும் அப்படித்தான். நம்மூரில் அதிகம் வருவது சிவப்பான டெலிசியஸ் வகை. இனிப்பு உண்டு, புளிப்பு இல்லை, வெந்தால் மாவாகிவிடும். அதைப் போடுகிறீர்கள் என்றால் துண்டுகளைக் கொஞ்சம் பெரிதாக நறுக்கி, அரை மூடி எலுமிச்சைச் சாற்றில் புரட்டிக்கொள்ளுங்கள்.

பேரிக்காய், பிளம்ஸ், கொட்டை நீக்கிய கொய்யா எல்லாம் நன்றாக வரும். வாழைப்பழத்தில் நேந்திரம் துண்டாக நிற்கும், மற்றவை மசிந்துவிடும். மசிந்தாலும் பரவாயில்லை, சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம். மாம்பழத்தைச் சுட்டு வீணாக்காதீர்கள். அதை நறுக்கி மேலே போட்டுச் சாப்பிடுங்கள்.

உலர்ந்த திராட்சை போடுவதானால் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்துவிட்டு, ஓட்ஸுக்கு அடியில் மறைத்து வையுங்கள். ஊறாத திராட்சை பக்கத்திலுள்ள பாலையெல்லாம் குடித்துவிடும், மேலே இருப்பது கருகிக் கசக்கும். இங்கே ஆப்பிளைச் சீவி உலர்த்தி வைப்பதை ஷ்னிட்ஸ் என்பார்கள். நம்மூர் வற்றல் போடுவதுபோல்தான். குளிர்காலத்தில் அதை ஊறவைத்துச் சேர்த்தால் பழ ருசி இரட்டிப்பாகத் தெரியும்.

அன்னாசி போட்டேன், ஒரே கசப்பு. ஏன்?

பச்சை அன்னாசியில் புரொமலெய்ன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். பாலில் பட்டால் பால் கசக்கும், முட்டையும் சரியாக இறுகாது. பப்பாளியிலும் கிவியிலும் இதேபோன்ற நொதிகள் உண்டு. அன்னாசி வேண்டுமென்றால் நறுக்கிய துண்டுகளை வாணலியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள், கசக்காது. டின்னில் வருவது ஏற்கெனவே சூடு கண்டது, அப்படியே போடலாம்.

பச்சை இஞ்சிக்கும் இந்தக் குணம் உண்டு. இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி, அது தயிர்போல் உறைவதையே ஒரு இனிப்பாகத் தென்சீனத்தில் செய்கிறார்கள். நமக்கு இங்கே சுக்குத் தூள்தான் வசதி.

ப்ளூபெர்ரி போட்டதும் பச்சையாகிவிட்டது. கெட்டுப்போனதா?

இல்லை. பேக்கிங் பவுடருக்குப் பதில் ஆப்ப சோடா போட்டிருப்பீர்கள். ப்ளூபெர்ரியின் நிறம் ஆந்தோசயனின், நாவற்பழத்தில் இருப்பதும் அந்த வகைதான். புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமாகிப் பச்சைக்குப் போகும். சாப்பிடலாம், விருந்தாளிகளுக்கு வைக்க முடியாது. உறைந்த பெர்ரியை உருகவிடாமல், ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே மேலே தூவினால் சாயம் ஓடாது.

மசாலாவில் பட்டை மட்டும்தானா? பட்டையில் ஏதோ ஆபத்து என்கிறார்களே?

பட்டை, ஜாதிக்காய், கொஞ்சம் ஆல்ஸ்பைஸ் (மிளகு போல உருண்டையான ஒரு வாசனைக் காய்), இதுதான் இங்குள்ள கைப்பக்குவம். கிராம்பு சேர்த்தால் ஒன்றே ஒன்று, தூளாக்கி. இரண்டு போட்டால் பல் வலிக்கு மருந்து தடவியதுபோல் இருக்கும். ஜாதிக்காயைத் தூளாக வாங்காமல் முழுதாக வாங்கி, அவ்வப்போது துருவுங்கள். வாசனை வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

ஆபத்து என்று கேட்டது கூமரின் பற்றி, பட்டையில் இயற்கையாகவே உள்ள ஒரு பொருள் அது. கடையில் பட்டை என்று விற்பதில் இரண்டு உண்டு. தடித்து, முரட்டுத்தனமாக, ஒரே சுருளாக, கையால் உடைக்க முடியாமல் இருப்பது கேசியா. பிரியாணிக்குப் போடுவது பெரும்பாலும் அதுதான். அமெரிக்கக் கடைகளில் சினமன் என்று விற்பதும் பெரும்பாலும் அதுதான். மெல்லிய தாள்களை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி வைத்ததுபோல் இருந்து, விரலால் நொறுக்க முடிந்தால் அது இலங்கைக் கறுவா. கேசியாவில் கூமரின் அதிகம், கறுவாவில் மிகமிகக் குறைவு. கூமரின் அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் போகலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. நம் தட்டில் ஒன்றரை டீஸ்பூன், அதாவது சுமார் 4 கிராம், ஆறு துண்டுக்குப் பிரிகிறது. வாரம் இரண்டு நாள் சாப்பிடுபவருக்குக் கவலை இல்லை. தினமும் செய்கிறீர்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் கறுவாவுக்கு மாறிவிடுங்கள். வாசனையும் மென்மையாக, கொஞ்சம் எலுமிச்சை கலந்ததுபோல் இருக்கும். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ யாராவது வந்தால் ஒரு கட்டு கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஓவன் இல்லை.

ஓடிஜி என்ற சின்ன மின்சார ஓவன் இருந்தால் போதும், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 180 டிகிரி. கன்வெக்ஷன் மைக்ரோவேவில் விசிறிக் காற்று அடிப்பதால் 160 டிகிரியில் வைத்து, 35ஆவது நிமிடத்திலிருந்து பாருங்கள். சின்ன ஓடிஜிகளில் மேலே சீக்கிரம் கருகும். அப்போது அலுமினியத் தாளை மேலே லேசாகப் போர்த்துங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் அடிகனமான, நல்ல மூடியுள்ள பழைய பாத்திரம் ஒன்று. அடியில் ஒரு கப் கல் உப்பைப் பரப்பி, மேலே கம்பி வளையம் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு எவர்சில்வர் கிண்ணத்தில் பாதி அளவுக் கலவையை ஊற்றி உள்ளே இறக்கி, சிறு தீயில் 45 நிமிடம். குக்கரிலும் இப்படிச் செய்வார்கள். அப்படியானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் காயவைத்தால் குக்கரின் ஆயுள் குறையும் என்பதால், புதுக் குக்கரை இதற்கு எடுக்க எனக்கு மனம் வராது. மேல்பக்கம் சிவக்காது, அடி நன்றாகச் சிவந்திருக்கும். கவிழ்த்துப் பரிமாறினால் யாருக்கும் தெரியாது.

இட்லிப் பானையில் ஆவியில் வைத்தால் புட்டிங் மாதிரி மெத்தென்று வரும். நல்லதுதான், ஆனால் அந்த மொறுமொறு ஓரம் கிடைக்காது. எனக்கு அந்த ஓரத்துக்காகத்தான் இதெல்லாம்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? எனக்கு நடுவில் சளசளவென்று இருக்கிறது.

35ஆவது நிமிடத்தில் ஓவன் கதவைத் திறந்து, தட்டின் ஓரத்தைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். ஓரமெல்லாம் இறுகி, தட்டின் சுவரை விட்டு ஒரு நூல் அளவு விலகியிருக்கும். நடுவில் பால் அலை அடித்தால் இன்னும் வேக வேண்டும். உறைந்த தயிர்ச் சட்டியை ஆட்டினால் வருமே, அந்த நடுக்கம் மட்டும் இருந்தால் எடுத்துவிடலாம். நடுவில் கத்தியைச் செருகினால் ஈரமாக வரலாம், பால் வடியக் கூடாது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: முட்டை சேர்ந்த பண்டம் உள்ளே 71 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

சளசளப்பு பாதிப் பேருக்கு அவசரத்தால் வருவது. வெளியே எடுத்த பிறகும் ஓட்ஸ் பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஓவனிலிருந்து எடுத்த உடனே வெட்டினால் ஒழுகும். அதே தட்டு 10 நிமிடம் கழித்து அழகாகத் துண்டு விழும். மீதிப் பாதிப் பேருக்குக் காரணம் பழம். உறைந்த பெர்ரியோ தண்ணீர் விடும் பழமோ இரண்டு கப் போட்டால் பாலில் அரை டம்ளர் குறைக்க வேண்டும்.

காய்ந்து ரப்பர் மாதிரி ஆகிவிட்டால்? அதிக நேரம் வைத்திருப்பீர்கள், அல்லது பெரிய தட்டில் மெல்லியதாக ஊற்றியிருப்பீர்கள். சூடான பாலை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

முதல் நாள் இரவே கலந்து வைக்கலாமா?

வைக்கலாம். இன்னும் மெத்தென்று வரும். பேக்கிங் பவுடரை மட்டும் காலையில் சேருங்கள், ஆப்பிளையும் காலையில் நறுக்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து வருவதால் 5 முதல் 10 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடித் தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைக்காதீர்கள். ஒரு சனிக்கிழமைக் காலையில் அப்படி வைத்தேன். பட்டென்று ஒரு சத்தம், ஓவன் அடியெல்லாம் பாலும் கண்ணாடியும். அன்று எல்லோருக்கும் உப்புமா. இப்போதெல்லாம் இரவில் எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து வைத்து, காலையில் தட்டுக்கு மாற்றுகிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

ஓட்ஸ் என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்ற நினைப்பில் இரண்டு துண்டு எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடுவோம். 200 கிராம் ஓட்ஸில் மாவுச்சத்து சுமார் 130 கிராம், சர்க்கரை 60, பாலில் 22, இரண்டு ஆப்பிளில் 45 வரை. மொத்தத்தை ஆறாகப் பிரித்தால் துண்டுக்கு 40 கிராமுக்கு மேல். இது சின்ன விஷயம் இல்லை. வெல்லமும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். சேர்க்கும் இனிப்பை முழுவதும் நிறுத்திவிட்டு, ஆப்பிளை மட்டும் நம்பி, வால்நட்டை இரட்டிப்பாக்கினால் துண்டுக்கு 10 கிராம் குறையும். அப்பாவுக்கு அப்படித்தான் செய்கிறேன். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடமும் சாப்பிட்ட பிறகு பார்க்கும் ரத்தப் பரிசோதனையிடமும் கேளுங்கள்.

ஓட்ஸ் ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்பது உண்மையா?

ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து உண்டு. கஞ்சியைக் குழகுழப்பாக்குவதும் அதுதான். நிறைகொழுப்புக் குறைந்த சாப்பாட்டோடு, இதை நாளுக்கு 3 கிராம் எடுத்துக்கொண்டால் இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதித்தது. 3 கிராம் என்பது சுமார் 75 கிராம் ஓட்ஸ். நம் துண்டு ஒன்றில் இருப்பது 33 கிராம். 40 கிராம் வெண்ணெயையும் போட்டுவிட்டு இதை மருந்து என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. காலையில் ருசியாக, வயிறு நிறையச் சாப்பிடுவதற்கு நல்ல பண்டம், அதுவரை சொல்வேன்.

ஓட்ஸில் குளூட்டன் உண்டா?

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஓட்ஸில் இல்லை. ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடும். குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட ஓட்ஸைத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் அப்படி அச்சிட குளூட்டன் 20 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் சிலருக்கு ஓட்ஸின் சொந்தப் புரதமே ஒத்துக்கொள்ளாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு வால்நட்டைத் துண்டாகப் போடாமல் பொடித்துப் போடுங்கள், முழுத் திராட்சையையும் நறுக்கிவிடுங்கள்.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

ஃப்ரிட்ஜில் நான்கு நாள். துண்டு துண்டாகத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம். சூடாக்கும்போது ஒரு கரண்டி பால் தெளித்து மைக்ரோவேவில் 45 விநாடி என்பது சோம்பேறி வழி. நல்ல வழி இது: குளிர்ந்த துண்டை அரை அங்குலக் கனத்தில் சீவி, தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் நெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்க எடுங்கள். வெட்டிய பக்கமெல்லாம் மொறுமொறுவென்று ஆகிவிடும். சில வாரம் இதற்காகவே கூடுதலாக ஒரு தட்டு வைக்கிறேன்.

எதை வைத்துச் சாப்பிடுவது?

பாட்டி சொன்னபடி சூடான பால். கிண்ணத்தில் துண்டை வைத்து, பாலை நடுவில் ஊற்றாமல் ஓரமாக ஊற்றுங்கள். அடிப்பக்கம் ஊறி இளகும், மேல் ஓரம் மொறுமொறுப்பாகவே இருக்கும். கெட்டித் தயிரும் நன்றாக இருக்கும். ஊரிலிருந்து வந்த அம்மா மட்டும் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, இதற்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வைத்தேன். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.